காப்புக் கட்டிய கையால் ஒரு பரீட்சை

என் அப்பா ராஜரத்தினம் ஐம்பத்திரண்டாவது வயதில் பட்டதாரியானார். ஐம்பத்துமூன்றில் இறந்தார். இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி சின்னது. ஆனால் இருந்தது. அதை நினைக்கும்போது எனக்கு மூச்சு சீராகிறது. அந்த இடைவெளி எப்படிக் கிடைத்தது என்பதைத்தான் எழுதுகிறேன்.

அப்பா பிறந்தது அம்பிட்டியவுக்கு மேலே, மலைச் சரிவில் இருக்கிற தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில். கண்டியில் உயர்தரம் படித்தார். மூன்று பாடத்திலும் சித்தியடைந்தார். வெட்டுப்புள்ளி எட்டவில்லை. பல்கலைக்கழகம் இல்லை என்றானது. கல்யாணம், நான், வேலை. பல்லேகலயில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் களஞ்சியப் பொறுப்பாளர். நூல், பொத்தான், ஊசி எல்லாம் அவர் கையால்தான் வெளியே போகும்.

அங்கே ஒரு விதி உண்டு. தையல் இயந்திரத்தில் ஊசி உடைந்தால், உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் தேடி எடுத்துக்கொண்டு வரவேண்டும். அப்பா அவற்றை ஒரு தாளில் வைத்து, முழு ஊசியின் நீளத்துக்குப் பொருத்திப் பார்ப்பார். ஒரு நுனி குறைந்தாலும் புது ஊசி கிடையாது. அந்த நுனி எங்கோ ஒரு குழந்தைச் சட்டைக்குள் இருக்கிறது என்று அர்த்தம். "துண்டு எல்லாம் சேரட்டும், அப்புறம் பேசலாம்" என்பது அவருடைய வேலைப் பேச்சு. வீட்டிலும் அதையே பேசுவார். நான் கணக்கில் பாதி செய்துவிட்டு விளையாடப் போனால், "ஒரு துண்டு குறையுதே சுகி" என்பார்.

எனக்கும் உயர்தரத்தில் அவருக்கு நடந்ததுதான் நடந்தது. பெறுபேறு வந்த அன்று நான் அழுதேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தோட்டத்து ஆள் பேசுகிற மாதிரியே பேசினார்.

"ரோட்டு பஸ் போயிருச்சி. அதுக்காக டவுனுக்குப் போகாம இருக்கிறோமா? குறுக்குல இறங்குறோம்ல?"

"எந்தக் குறுக்கு?"

"டெக்னிக்கலுக்குப் போய் டிப்ளோமா எடு. அதுல இருந்து பிறகு டிகிரிக்கு ஏறலாம். இல்லாட்டி கல்வியியற் கல்லூரி. இல்லாட்டி வெளிவாரியா வீட்டுல இருந்தே படி. திறந்த பல்கலைக்கழகம் இருக்கு. கொஞ்சம் சுத்து. ஆனா எல்லாம் ஒரே இடத்துலதான் போய் ஏறும்."

இவ்வளவு விபரம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். சிரித்தார். இருபது வருடமாக அவர் அதை விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறார். விசாரித்ததோடு நின்றிருக்கிறார்.

"அப்ப நீங்க ஏன் போகல?"

"நீ ஒரு பக்கத்தால இறங்கு. நான் ஒரு பக்கத்தால ஏறிப் பார்க்கிறேன்."

நான் மின்னியல் டிப்ளோமாவுக்குப் போனேன். அவர் உண்மையாகவே திறந்த பல்கலைக்கழகத்தில் பதிந்தார். சமூகக் கல்வி, நான்கு வருடச் சிறப்புப் பட்டம். அவரைப் போல வேலை செய்துகொண்டு படிக்கிறவர்களுக்கு அது நான்கு வருடத்தில் முடியாது. வருடத்துக்குச் சில பாடம் எடுப்பார்கள். ஒன்று தவறினால் திரும்ப எழுதுவார்கள். சனி ஞாயிறு வகுப்பு. மற்ற நாட்களில் பல்லேகல பஸ்ஸில் நின்றபடி வாசிப்பு.

அம்மா பேச்சியம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். முதல் சனிக்கிழமை அப்பா தோள்பையை மாட்டிக்கொண்டு இறங்கியபோது வாசலில் நின்று, "பிள்ளை போக வேண்டிய வகுப்புக்கு அப்பா பேக்கைத் தூக்கிக்கிட்டுப் போறாரு" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். ஆனால் சோற்றுப் பார்சலில் அன்று முட்டை இருந்தது.

துண்டு துண்டாகப் பாடங்கள் சேர்ந்தன. நான் டிப்ளோமா முடித்து, மின்மானி பரிசோதிக்கிற வேலைக்குப் போய்விட்டேன். அப்பா இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ஆய்வு முறையும் புள்ளிவிபரவியலும். அதில் ஒருமுறை சித்தியடையவில்லை. அவருடைய பதிவின் காலமும் அந்த வருடத்தோடு முடிய இருந்தது.

நியம விலகல் என்பது அவருக்குப் பிடிபடவே இல்லை. நான் அம்மா பறிக்கிற கொழுந்தின் கிலோவை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாதத்துச் சராசரி இது. ஒவ்வொரு நாளும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பாருங்கள் என்றேன். அப்பா பார்த்தார்.

"இந்த ஒரு நாள் ஏன் இவ்வளவு கீழ போயிருக்கு?"

அடுப்படியிலிருந்து அம்மா குரல் வந்தது. "அன்னைக்கு அட்டை கடிச்சிச்சி. ரெண்டு பேரும் என் கொழுந்தை வச்சி என்னை அளக்காதீங்க."

அப்பாவுக்கு அன்றுதான் பிடிபட்டது. "ஆக, அட்டை கடிச்ச நாளும் கணக்குல சேர்ந்துதான் இருக்கு" என்றார். புத்தகத்தில் இதைவிடச் சுற்றி வளைத்து எழுதியிருக்கும்.

இனி அவருடைய மறுபக்கம். மாசி மாதத்தில் எங்கள் தோட்டப் பிரிவில் காமன் கூத்து நடக்கும். மன்மதனைச் சிவன் எரிப்பார். ரதி அழுவாள். மன்மதன் உயிரோடு எழும்புவான். அப்பா இளவயதிலிருந்தே ரதி. சேலை, பொய்முடி, ரோஸ் பவுடர், கண் மை. அவருடைய மன்மதன் கறுப்பையா மாமா, அம்பிட்டியச் சந்தியில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர். வருடா வருடம் மாமா செத்துக் கிடப்பார். அப்பா தலைவிரி கோலமாக அவர்மேல் விழுந்து ஒப்பாரி வைப்பார். சனம் கண்ணைத் துடைக்கும். அழுகைக்கு நடுவே அப்பா மாமாவின் காதுக்குள் ஏதாவது பகிடி சொல்வார். பிணம் சிரிப்பை அடக்கப் படுகிற பாடு முன்வரிசையில் இருக்கிற எங்களுக்கு மட்டும் தெரியும்.

கம்பம் நட்டுக் காப்புக் கட்டினால் விரதம். மஞ்சள் துண்டைத் துணியில் முடிந்து வலது மணிக்கட்டில் கட்டுவார்கள். கூத்து முடியும்வரை அதைக் கழற்றக்கூடாது. காப்புக் கட்டினவர் தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. அப்பா வருடா வருடம் தொழிற்சாலை லீவை இதற்கென்றே சேர்த்து வைப்பார். இடையில் ரதி விலகினால் கூத்து நிற்கும். கூத்து நின்றால், அந்த வருடம் பிரிவில் யாருக்கு என்ன நடந்தாலும் அது அந்த வீட்டின் தலையில்தான் விழும்.

அந்த வருடம் நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு வந்து எல்லாம் முன்பின்னாகிக் கிடந்தது. மார்கழியில் இருக்க வேண்டிய அப்பாவின் பரீட்சையும் தள்ளிப்போனது. சித்திரை வருடப்பிறப்பு கழிந்துதான் வைப்பார்கள் என்று வகுப்பில் எல்லாரும் சொன்னார்கள். அப்பா நம்பினார். காப்பைக் கட்டிக்கொண்டார். கட்டி ஓரிரு நாளில் புதுத் திகதி வந்தது. மாசிக்குள்ளேயே. இடம் பொல்கொல்ல. மகாவலி ஆற்றுக்கு அந்தப் பக்கம்.

காமன் மாஸ்டர் சதீஸ்குமார். வயதான ஆள் என்று நினைக்க வேண்டாம். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். அம்பிட்டியவில் சின்னக் கடை. போன் திருத்துவார், அடையாள அட்டைக்குப் படம் எடுப்பார், அறிவித்தல் அச்சடிப்பார். அவருடைய அப்பா போன பிறகு கூத்துப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. புதிதாக வந்ததால் விதியில் இம்மியும் விடமாட்டார். மற்ற மாதங்களில் அப்பா அவரைத் "தம்பி" என்பார். மாசியில் "மாஸ்டர்."

நாங்கள் போனபோது ஒரு போனைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"முடியாதுண்ணே" என்றார். "எல்லை தாண்டக்கூடாது. அதுவும் ஆறு தாண்டி."

"மாஸ்டர், இது கடைசிப் பாடம்."

"அடுத்த வருசம் எழுதலாமே. அதுக்கு ஏதோ அனுமதி இருக்குன்னு நீங்கதான் சொன்னீங்க."

இருந்தது. விசேட அனுமதி கேட்டு ஒரு வருடம் நீட்டலாம். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு மணிக்கட்டைப் பார்த்தார்.

"சரி" என்றார். "அடுத்த வருசம் எழுதிக்கிறேன்."

வீட்டுக்கு நடந்து வந்தோம். அப்பா புத்தகங்களை எடுத்து அலுமாரிக்கு மேலே வைத்தார். அவர் ஒரு பொருளை அடுக்கி வைத்தால் ஒழுங்காகத்தான் வைப்பார். அன்று சும்மா வைத்தார். ஒன்று சரிந்து விழுந்தது. எடுக்கவில்லை.

எடுத்தது அம்மா. தூசு தட்டிக்கொண்டே கேட்டார்.

"ஏங்க, போன வருசம் லேவெல்லயில பாலம்மா மகள் வீட்டுல போய் ஆடினீங்களே. அது எந்தத் தோட்டத்துக்குள்ள இருக்கு?"

அப்பா திரும்பினார்.

தோட்டத்தை விட்டு டவுன் பக்கம் குடிபோன சனம், மாசியில் ரதி மன்மதனைத் தங்கள் வாசலுக்கு அழைப்பது வழக்கம். ஆடினால் வீட்டுக்கு நல்லது. அதற்குப் போய்த்தான் வந்தார்கள். அது எங்களில் ஒருவருக்கும் எல்லை தாண்டுவதாகவே தெரிந்ததில்லை.

அம்மா அப்போதே இறங்கிவிட்டார். நானும் பின்னால் ஓடினேன். சதீஸ்குமார் இன்னும் அதே போனோடு இருந்தார்.

"அது வேறக்கா" என்றார். "அது அழைப்பு. அழைச்ச வீட்டுக்குப் போகலாம்."

"அப்ப பொல்கொல்லயில ஒருத்தர் அழைச்சா?"

மாஸ்டர் திருப்புளியைக் கீழே வைத்தார். யோசித்தார். யோசிக்கும்போது அவர் முகத்தில் அவருடைய அப்பாவின் சாடை வரும் என்பார்கள். எனக்குத் தெரியவில்லை. வியர்வைதான் தெரிந்தது.

"போகலாம். ஆனா ரதி தனியா போகக்கூடாது. மன்மதனும் போகணும். தப்பு மேளமும் போகணும். போன உடனே முதல்ல ஆடணும். ஆடின பிறகுதான் மத்த வேலை. திரும்பி வர்ற வரைக்கும் மன்மதன் வேசம் கலைக்கக்கூடாது. காப்பைக் கழற்றவே கூடாது."

"சரி."

"தப்பு அடிக்க நானே வருவேன்."

"வாங்க" என்றார் அம்மா. "நீங்க வந்தாத்தான் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கமாட்டாங்க."

அழைக்க ஆள் இருந்தது. அப்பாவோடு படிக்கிற மார்கிரட் அக்கா, பரீட்சை மண்டபத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் வீடு. மருந்தகத்தில் கிளார்க். அதே பாடத்தை அவரும் எழுத இருந்தார். நான் கடையிலிருந்தே போன் பண்ணி விபரம் சொன்னேன். பிறகு கேட்டார்.

"எங்க வாசல்ல மாதா சுருவம் இருக்கு. ரதிக்குப் பரவாயில்லையா?"

மாஸ்டரிடம் கேட்டேன். "மாதாவுக்குப் பரவாயில்லைன்னா ரதிக்குப் பரவாயில்லை" என்றார்.

"அப்ப வரச் சொல்லுங்க" என்றார் மார்கிரட் அக்கா. "முறையா அழைக்கணும்ல? ராஜா அண்ணன்கிட்ட போனைக் குடுங்க." வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கொடுத்தேன். முறையாகவே சொன்னார். "எங்க வீட்டுல வந்து ஆடிட்டுப் போங்கண்ணே. அப்படியே பரீட்சையும் எழுதிட்டுப் போகலாம்."

பரீட்சை அன்று விடிந்ததும் கிளம்பினோம். கறுப்பையா மாமா மன்மத வேடத்தில் வண்டி ஓட்டினார். தலையில் கிரீட முடி வைத்தால் கூரையில் இடிக்கும் என்று அதை என் மடியில் தந்தார். பின்னால் நான், சேலை கட்டிய அப்பா, மடியில் தப்போடு மாஸ்டர். கரும்பு வில்லை வைக்க இடமில்லை. அது பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா ரோஸ் முகத்தோடு வழி முழுக்க நியம விலகல் சூத்திரத்தை முணுமுணுத்தார்.

"என்னடா மந்திரம்?" என்றார் மாமா.

"உன்னை உயிரோட எழுப்புற மந்திரம். பேசாம ரோட்டைப் பார்."

தோட்டத்து எல்லைக் கல் வந்தபோது மாமா வண்டியை நிறுத்தினார். மாஸ்டர் இறங்கி, தப்பை ஒருமுறை அடித்து, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு ஏறினார். வண்டி தாண்டியது. ஆற்றுப் பாலத்தில் இன்னொருமுறை.

மார்கிரட் அக்காவின் வாசல் சின்னது. மாதா சிலைக்கு முன்னால் புதுப் பூ. அக்கா பரீட்சைக்குப் போகிற உடுப்போடு, கையில் ஆரத்தித் தட்டோடு நின்றார். எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் சுற்றினார். தப்பு தொடங்கியது. அயல் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அப்பா ஆடினார்.

எப்போதும் நன்றாக ஆடுவார். அன்று அவசரம் இருந்தது. ஆனாலும் காலில் அவசரம் இல்லை. ஒரு அடவையும் அவர் சுருக்கவில்லை. சுருக்கச் சொல்லி நான் கையைக் காட்டினேன். பார்த்துவிட்டுப் பார்க்காததுபோலத் திரும்பி ஆடினார். மாமா ஆடி முடித்து மாதாவைக் கும்பிட்டு, "தாயே, எம் பொண்டாட்டி உள்ள போறா, பாத்துக்க" என்றார்.

பிறகுதான் ஓட்டம். ரோஸ் பவுடர் தண்ணீரில் போகவில்லை. அக்கா தேங்காய் எண்ணெய் கொண்டுவந்தார். நான் ஒரு கன்னம், அக்கா ஒரு கன்னம். மை இன்னும் பரவியது. சட்டையும் கால்சட்டையும் மாட்டிக்கொண்டு வெளியே வந்த அப்பா, கண் நோய் வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தார். அக்காவும் அவரும் ஓடினார்கள்.

நாங்கள் வண்டியோடு போய்க் கேற்றில் நின்றோம். மண்டப வாசல் அங்கிருந்து தெரியும். பேச்சு கேட்காது. அங்கே பேசினதெல்லாம் மார்கிரட் அக்கா பிறகு சொன்னது.

மேற்பார்வையாளர் கண்ணாடி போட்ட சிங்களப் பெண்மணி. அடையாள அட்டையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார்.

"இது நீங்களா?"

"நான்தான் மிஸ். இன்றைக்குக் கொஞ்சம் வேசம்" என்று அப்பா சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்.

அது தாண்டியது. அடுத்தது அவருடைய மணிக்கட்டு. மஞ்சள் துணி முடிச்சு, உள்ளே ஏதோ தடிப்பாக. பரீட்சை மண்டபத்தில் அப்படி ஒரு முடிச்சைக் கண்டால் நானும் சந்தேகப்படுவேன்.

"இதற்குள் என்ன? கழற்றுங்கள்."

கேற்றிலிருந்து பார்த்த எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அப்பா வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டார். அவர் அப்படிப் பொத்தி நான் கண்டதில்லை. எனக்குப் பின்னால் மாஸ்டரும் கண்டார். "கழற்றச் சொல்றாங்க" என்றார். மாமா முடியைக் கழற்றிக் கையில் பிடித்தார். மாஸ்டர் அதை மறுபடி வாங்கி அவர் தலையில் வைத்தார்.

கழற்றினால் கூத்து இல்லை. கழற்றாவிட்டால் பரீட்சை இல்லை. அப்பா வாசலில் நின்றார். மற்றவர்கள் அவரைத் தாண்டி உள்ளே போனார்கள்.

அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. திரும்பி வரப்போகிறார். பாதி திரும்பியும்விட்டார்.

மார்கிரட் அக்கா உள்ளே போகாமல் நின்றிருக்கிறார். "மிஸ், இது அவங்க விரதம். முடியும்வரை கழற்றக்கூடாது. உள்ள இருக்கிறது மஞ்சள். மோந்து பாருங்க" என்றார். பெண்மணி உண்மையாகவே குனிந்து முகர்ந்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். அவர் கையிலும் விகாரையில் ஓதிக் கட்டுகிற பிரித் நூல் இருந்தது என்று அக்கா சொன்னார். ஆனால் அதனால் விட்டார் என்று நான் நினைக்கவில்லை. தன் பொறுப்பும் தவறாமல், அந்த ஆளையும் திருப்பி அனுப்பாமல் செய்ய ஒரு வழி இருக்கிறதா என்று அவர் யோசித்திருக்கிறார். அவ்வளவுதான்.

முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். பிளாஸ்டரை எடுத்தார். காப்பைச் சுற்றி இறுக்கி ஒட்டினார். ஒட்டின இடத்தின் மேல், பாதி ஒரு பக்கமும் பாதி மறுபக்கமுமாகத் தன் கையொப்பத்தைப் போட்டார். "இது பிரிந்தால் தாளை வாங்கிவிடுவேன். என் மேசைக்கு முன்னால் உட்காருங்கள்" என்றார்.

மின்மானிக்கு நாங்கள் சீல் வைப்பதும் இப்படித்தான். திறந்தால் தெரியும். திறக்காதவரை உள்ளே இருப்பதை நம்பலாம்.

அப்பா உள்ளே போனார். மாஸ்டர் நிலத்தில் குந்திவிட்டார்.

நாங்கள் வெளியே காத்திருந்தோம். மாமா வேடத்தைக் கலைக்க முடியாது. முடியும் மாலையும் கரும்பு வில்லுமாக வண்டிக்குள் இருந்தார். காவலாளி இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"நாடகமா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"இல்ல" என்றார் மாமா. "எம் பொண்டாட்டி உள்ள பரீட்சை எழுதுறா."

காவலாளி மாமாவை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல புருசன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முடிந்து வந்தபோது அப்பாவின் முகத்தில் எண்ணெயும் மையும் வியர்வையும் கலந்திருந்தது. எப்படி என்று நாங்கள் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"அட்டை கடிச்ச நாளைக் கேட்டிருந்தாங்க."

மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக் காப்பைப் பார்த்தார். பிளாஸ்டரைப் பார்த்தார்.

"இதைப் பிரிச்சிடலாமாண்ணே?"

"வேணாம் மாஸ்டர். இப்பத்தான் பலமா இருக்கு."

அந்த வருடக் கூத்தில் ரதி பிளாஸ்டரோடுதான் அழுதாள். பிணத்தின் காதுக்குள் அப்பா என்ன சொன்னாரோ, அன்று மன்மதன் சத்தமாகவே சிரித்துவிட்டார். சனம் அதை அதிசயம் என்று எடுத்துக்கொண்டது.

பெறுபேறு ஆவணியில் வந்தது. நான் வேலையில் இருந்தேன். அப்பா தொழிற்சாலையிலிருந்து போன் எடுத்தார். பின்னணியில் தையல் இயந்திரச் சத்தம்.

"சுகி."

"சொல்லுங்கப்பா."

"எல்லாத் துண்டும் கிடைச்சிருச்சி."

கொஞ்ச நேரம் இருவரும் அந்த இயந்திரங்களைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதன் பிறகு அப்பா பெரிதாக மாறவில்லை. வேலை அதேதான். சம்பளம் அதேதான். ஒன்று மட்டும் மாறியது. பஸ்ஸில் சும்மா வெளியே பார்த்துக்கொண்டு வரத் தொடங்கினார். "அந்தப் பக்கம் இவ்வளவு வீடு வந்திருச்சா?" என்று ஒரு நாள் கேட்டார். பல வருடமாக அந்த வழியில்தான் போய் வருகிறார். புத்தகத்தைத் தவிர ஒன்றையும் பார்த்ததில்லை.

தைப் பொங்கல் கழிந்து ஒரு காலையில், வேலைக்குப் போகச் சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். மாமாவின் வண்டியில்தான் ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே முடிந்துவிட்டது. மாரடைப்பு. அதற்கு முன் ஒரு அறிகுறியும் இருக்கவில்லை. நான் திரும்பத் திரும்பத் தேடிப் பார்த்துவிட்டேன். இல்லை.

பட்டமளிப்பு விழா அப்போது இன்னும் நடக்கவில்லை. கறுப்புக் கவுன் போட்டுப் படம் எடுக்கவில்லையே என்று வந்தவர்கள் எல்லாரும் அம்மாவிடம் சொல்லி அழுதார்கள். கடைசியில் அம்மா ஒருமுறை சொன்னார்: "சேலை கட்டின படமே நிறைய இருக்கு. போதும்."

கறுப்பையா மாமா பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. நேரம் போகப் போக எனக்குப் பயமாக இருந்தது. பிறகு குனிந்து அப்பாவின் காதுக்குள் பேசினார். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது.

"டேய், இது என் இடம்டா. எழும்பு. எனக்கு அழத் தெரியாது. நீதானே அழுவ."

கொஞ்சம் பொறுத்தார். அப்பாவின் வாயோரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிப்பை அடக்குகிறாரோ என்று பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.

மரண அறிவித்தல் அச்சடிக்கச் சதீஸ்குமார் விபரம் கேட்டு வந்தார். பெயர், வயது, கிரியை நேரம் எல்லாம் எழுதிக்கொண்டார். எழுந்தார். போகாமல் நின்றார்.

"அடுத்த வருசம் எழுதச் சொன்னவன் நான்தான்" என்றார்.

"ஆறு தாண்டத் தப்பு அடிச்சதும் நீங்கதான்" என்றார் அம்மா.

மாசி பிறந்தது. அந்த வருடத்துப் பரீட்சைத் திகதி வந்ததை மார்கிரட் அக்கா எனக்குச் சொன்னார். நான் கேட்டுத்தான் சொன்னார். பங்குனி. அப்பா அடுத்த வருடம் என்று விட்டிருந்தால் அந்தத் திகதிக்குத்தான் காத்திருந்திருப்பார். அலுமாரிக்கு மேலே புத்தகங்கள் சரிந்து கிடந்திருக்கும். ஒரு துண்டு குறைந்தபடியே அவர் போயிருப்பார்.

போகவில்லை. இழப்பு இழப்புதான். அதில் குறைவில்லை. ஆனால் இந்த ஒன்றை நான் சுமக்க வேண்டியதில்லை.

இனி அந்த அறிவித்தல். கிரியைக்கு முதல்நாள் மாலை அம்பிட்டியச் சந்திக்கு இறங்கினேன். பஸ் தரிப்பிடத்துச் சுவரில் ஒட்டியிருந்தது. சதீஸ்குமார் பெயரை மிகப் பெரிதாகப் போட்டிருந்தார். பெயருக்குப் பின்னால், அதே அளவு எழுத்தில்: பீ.ஏ. (சிறப்பு).

பஸ்ஸுக்கு நின்ற இருவர் வாசித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக் கீழ்ப்பிரிவு ஆட்கள்.

"யாருடா இந்த ராஜரத்தினம் பீ.ஏ.?"

"தெரியலையே. டவுன்ல வாத்தியாரா இருந்திருப்பாரோ?"

"அட்ரஸ் நம்ம மேல்பிரிவுன்னு போட்டிருக்கு."

"அங்க ஏது பீ.ஏ.? நம்ம ரதி ராஜரத்தினம்தான் இருந்தாரு."

வண்டித் தரிப்பிடத்திலிருந்து கறுப்பையா மாமாவின் குரல் வந்தது. இரண்டு நாளாக அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்கவில்லை.

"அவதான்டா. படிச்ச பொம்பளை."